நடையும் வண்டியும்: ஆர்ட்கேரன் மைதானத்தின் எஃபி டல்கார்னோ அம்மையாருக்கு

வடகடல் வாடையிலும் வாடாத முகமுடையீர்! காற்றும் மழையும் கலந்தடித்த காலைகளிலும் கடமையிடம் விட்டகலாத கண்ணியமிக்கீர்! முப்பத்தோராண்டு காலம் எங்கள் கோல்ஃப் மைதானத்தின் முதல் குழியருகே நின்று, ஆட வந்தோரை அணியணியாய் அனுப்பி, அந்தியில் கடைசி ஆட்டக்காரர் திரும்பும் வரை காத்திருந்த எங்கள் எஃபி அம்மையீர்! இன்று ஓய்வு பெறும் தங்களை வணங்குகிறோம்.

புல் வெட்டுவோர் முதல் தேநீர் தருவோர் வரை தங்களைப் புகழச் சொற்கள் பல வைத்திருக்கிறோம். ஆனால் அவற்றை அடுக்கத் தொடங்கினால், "சீக்கிரம் முடிங்கப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்பீர்கள். ஆகவே இரண்டே நிகழ்ச்சிகளைச் சொல்லி அமைகிறோம்.

மைதானத்துள் ஓட்டிச் செல்லும் சிறு வண்டி மருத்துவர் சீட்டு உள்ளவருக்கே என்ற விதியைத் தளர்த்தி, நிர்வாகக் குழு எல்லோருக்கும் வண்டி தந்த ஆண்டு அது. ஆட்டம் விரைவாகும் என்று பார்த்தால், சனிக்கிழமை ஆட்டம் நாலரை மணி நேரத்தைத் தாண்டியது. பழி, பையைத் தோளில் சுமந்து நடக்கும் எண்பத்திரண்டு வயது ஹெக்டர் லோரிமர் மேல் விழுந்தது.

"ஒண்ணு அவர் வண்டியில ஏறணும், இல்லேன்னா சனிக்கிழமை வர்றதை நிறுத்தணும்" என்றார் குழுத் தலைவரான கேப்டன் ரானல்ட் கிரீவ்.

"நடக்காம ஆடுறதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கறேன், பொண்ணே" என்று பெரியவர் தங்களிடம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை, தங்கள் இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டு, பதினெட்டுக் குழிகளும் அவர் பின்னே நடந்து நேரம் குறித்தீர்கள். பெரியவர் தம் பந்தை நோக்கி நேரே நடந்தார். நடக்கும்போதே எந்த மட்டை என்று முடிவு செய்தார். முறை வந்ததும் அடித்தார். ஆயினும் பதினோரு இடங்களில் நின்று காத்திருந்தார். முன்னே இரண்டு வண்டிகளில் போன நால்வர், ஒருவர் பந்தைப் பார்க்க இருவராய் ஒரு பக்கம் ஓட்டி, மற்றவர் பந்துக்காக மறுபக்கம் ஓட்டி, மைதானத்தையே வளையவந்து கொண்டிருந்தார்கள்.

குறிப்பைக் குழுவின் முன் வாசித்தீர்கள்.

"யாருங்க அந்த வண்டிக்காரங்க?" என்று கேட்டார் கிரீவ்.

"நீங்கதான், கேப்டன்."

கிரீவ் முகம் சிவக்கச் சிரித்து, "அப்போ இறங்க வேண்டியவன் நான்தான்" என்றார். அந்தப் பெருந்தன்மையையும் இங்கே பாராட்டுகிறோம். பழைய விதி திரும்பியது. பெரியவர் மேலும் இரண்டாண்டு சனிதோறும் நடந்து ஆடினார்.

இரண்டாவது நிகழ்ச்சியை எழுத வேண்டாம் என்றீர்கள். பொறுத்தருள்க, எழுதுகிறோம். மறு ஆண்டு, நுரையீரல் நோயுற்ற உனா பெட்ரி அம்மையார் வண்டி கேட்டுத் தங்களிடம் வந்தார்.

"சீட்டு இருக்கா?"

"டாக்டர் அடுத்த வாரம்தான் தருவாராம்."

"அப்போ அடுத்த வாரம் வாங்க."

அவர் தம் காரின் கதவைத் திறந்து வைத்தபடி வெகுநேரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்ததைத் தாங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். மறுநாள் காலை, விடுமுறை நாளில், வண்டிச் சாவியோடு அவர் வாசலில் நின்றவரும் தாங்களே.

"தப்பு என் மேல. நீங்க மூச்சுக்குத் தவிக்கிறப்போ நான் காகிதம் கேட்டேன்."

"நேத்து ராத்திரி பூரா உங்களைத் திட்டித் தீர்த்துட்டேன், இனி பாக்கி இல்ல. உள்ள வாங்க, டீ ஆறுது" என்றார் உனா.

அந்த மாதமே தாங்கள் குழுவிடம் கேட்டு விதியை மாற்றினீர்கள்: இயலாதவர் வாய்ச்சொல் போதும், சீட்டு வேண்டாம். தாம் காத்த விதியைத் தாமே திருத்திய தகைமையீர்! தங்களின் கண்டிப்பைக் கண்டு அஞ்சியிருந்த நாங்கள், தங்களை நேசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

இத்தனை ஆண்டுகளில் எல்லோரையும் ஆட அனுப்பிய தாங்கள், ஒரு சனிக்கிழமைக் காலையும் இங்கே ஆடியதில்லை. நாளை சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குத் தொடங்கும் ஆட்டம் தங்கள் பெயரில் இருக்கிறது. நடப்பதும் வண்டியேறுவதும் தங்கள் விருப்பம். நலமும் நீள் ஆயுளும் தங்களைச் சேர்க! யாரும் தங்களை அவசரப்படுத்தாதிருக்க, பின்னால் ஒரு மணி நேரம் எவருக்கும் ஆட்டம் கொடுக்கவில்லை.

என்றும் அன்புடன்,
ஆர்ட்கேரன் மைதானப் பணியாளர்கள்