இதரைப்பழமும் பிஸ்கற் பெட்டியும்

ஷெரோன்: பிடிச்சிரு மச்சான், பள்ளம் வருது.

மயூரதன்: கோப்பாய்ப் பள்ளத்தை எனக்கு நீ காட்டித் தரவோணுமோ? போன மாசம் உந்தத் தெருவோரக் கானுக்குள்ளைதானே பைக்கோடை படுத்துக் கிடந்தனி.

ஷெரோன்: அது மழை. வழுக்கினது.

மயூரதன்: மழை எல்லாருக்கும்தான் பெய்தது. கானுக்குள்ளை போனது நீ ஒருத்தன்தான்.

ஷெரோன்: சாமான் வேணுமோ, வேண்டாமோ உனக்கு?

மயூரதன்: என்ன? ஹெல்மெற்றுக்குள்ளாலை ஒண்டும் கேக்குதில்லை.

ஷெரோன்: குளிசை! போதைக் குளிசை வேணுமோ?

மயூரதன்: விசரா, பக்கத்திலை பஸ் போகுது! ஏன் கத்துறாய்?

ஷெரோன்: கேக்குதில்லை எண்டனி.

மயூரதன்: சரி, ஆர் உந்த ஆள்? வல்வெட்டித்துறை நான் பிறந்து வளந்த ஊர். எனக்குத் தெரியாமல் அங்கை ஒருத்தன் குளிசை விக்கிறானோ?

ஷெரோன்: ஊருக்குப் புதுசு. கடற்கரைப் பக்கம் வந்து நிப்பான்.

மயூரதன்: பேர்?

ஷெரோன்: பேர்ப்பலகை போட்டு விக்கிறதுக்கு அவன் என்ன புடைவைக்கடையோ வைச்சிருக்கிறான்?

மயூரதன்: சும்மா கேட்டனான். ஏன் பாயிறாய்? இண்டைக்கு இரவுப் பார்ட்டிக்கு முந்தித் திரும்பினால் காணும். முதலாம் வருசப் பெடியள் எல்லாம் எங்கடை அறைக்குத்தான் வாறாங்கள்.

ஷெரோன்: அவங்களுக்கும் குளிசை குடுக்கப் போறியோ?

மயூரதன்: கேட்டால் குடுப்பன். நான் முதலாம் வருசமா வரேக்கை, நீ கேக்காமலே ஊத்தித் தந்தனிதானே.

ஷெரோன்: அது வரவேற்பு.

மயூரதன்: இதுவும் வரவேற்புத்தான். போன கிழமை கல்லூரி வாசலிலை 'போதையை ஒழிப்போம்' எண்டு வீதி நாடகம் போட்ட ஆள்தானே நீ? எமன் வேசம்!

ஷெரோன்: நீ எருமை.

மயூரதன்: எருமைக்கு வசனம் இல்லை. எமன்தான் வசனத்தை மறந்து முழிசிக்கொண்டு நிண்டது. எமன்ரை வாய் மணத்திலை முன்வரிசை எழும்பிப் பின்னாலை போட்டுது.

ஷெரோன்: எருமை மட்டும் என்னவாம்? பாவியை நரகத்துக்கு இழுக்கிற நேரம் பாத்து நித்திரை. நான் வாலைப் பிடிச்சு இழுத்தும் எழும்பேல்லை.

மயூரதன்: சனம் கை தட்டினது.

ஷெரோன்: நடிப்பெண்டு நினைச்சுத் தட்டினது... இரு, நிப்பாட்டப் போறன்.

மயூரதன்: என்னத்துக்கு? இப்பதானே நீர்வேலி.

ஷெரோன்: ரெண்டு சீப்பு இதரை வாங்குவம்.

மயூரதன்: ஆருக்கு?

ஷெரோன்: ...அந்த ஆளுக்கு.

மயூரதன்: குளிசைக்காரனுக்கு வாழைப்பழமோ?

ஷெரோன்: வெறுங்கையோடை ஒருத்தரிட்டையும் போகக்கூடாது எண்டு அம்மா சொல்லுறவ.

மயூரதன்: உந்த அலுவலுக்குமோ சொன்னவ? சரி, வாங்கு. நான் அந்தக் கடையிலை ஒரு சோடா குடிச்சிட்டு வாறன்.

ஷெரோன்: ஓம், போ. ஆறுதலா வா... ஹலோ? அருந்ததி அக்காவோ? நான் ஷெரோன். காலமை போன் எடுத்தனான்.

அருந்ததி: ஓம் தம்பி, சொல்லுங்கோ.

ஷெரோன்: நீர்வேலியிலை நிக்கிறம் அக்கா. உடுப்பிட்டிக்குத்தான் வாறம். அவனுக்கு ஒண்டும் தெரியாது. குளிசை எடுக்கப் போறம் எண்டு சொல்லித்தான் பைக்கிலை ஏத்தினனான்.

அருந்ததி: எங்கடை மறுவாழ்வு இல்லத்துக்குப் பொய்யிலை ஏறி வாற ஆக்கள்தான் கூட. ஆனா தம்பி, இது கட்டிப்போட்டு வைச்சிருக்கிற இடமில்லை. தங்கிறவர் தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லோணும்.

ஷெரோன்: சொல்ல வைப்பன். போன சனிக்கிழமை குளியலறைக் கதவை உடைச்சுத்தான் அவனை வெளியாலை எடுத்தனான். உதடு நீலமாப் போச்சு. இன்னொருக்கா அப்பிடிக் கிடந்தால், கதவை உடைக்க நான் அறையிலை நிப்பனோ தெரியாது. இண்டைக்கு உங்கடை வாசலுக்குள்ளை அவனை விட்டிடோணும் அக்கா. அவ்வளவுதான்.

அருந்ததி: உங்கடை கூட்டாளின்ரை பேர் மயூரதன் எண்டனீங்கள், என்ன?

ஷெரோன்: ஓம்.

அருந்ததி: ...சரி. ரெண்டு பேரும் வாங்கோ.

ஷெரோன்: நான் அவனை விட்டிட்டு உடனை திரும்பிடுவன்.

அருந்ததி: தம்பி, இன்னொரு விசயம்...

ஷெரோன்: அவன் வாறான் அக்கா. வைக்கிறன்.

மயூரதன்: ஆரோடை கதை?

ஷெரோன்: அம்மா. நீ சோடா குடிக்கப் போயிட்டுப் பிஸ்கற் பெட்டியோடை வாறாய்?

மயூரதன்: பசிக்கும்.

ஷெரோன்: உனக்கோ? ரெண்டு கிழமையா நீ ஒழுங்காச் சோறே திங்கேல்லை.

மயூரதன்: நீ பழம் வாங்கலாம், நான் பிஸ்கற் வாங்கக்கூடாதோ? உனக்கு மட்டும்தான் அம்மா இருக்கிறாவோ?

ஷெரோன்: சரி, ஏறு. உன்ரை பையை முதுகிலை போட்டிட்டு இந்தப் பழப் பையை மடியிலை வை. நசியாமல் பிடி.

மயூரதன்: அம்மாடி! ரெண்டு சீப்பு இவ்வளவு பாரமோ?

ஷெரோன்: நீர்வேலி மண் அப்பிடி.

மயூரதன்: அடியிலை என்னவோ மெத்தெண்டு இருக்கு...

ஷெரோன்: பழம் அடிபடாமல் துணி வைச்சிருக்கு. கிண்டாதை!

மயூரதன்: கிண்டேல்லை... அது என்ன, நீ குடிக்கிறது?

ஷெரோன்: தண்ணி.

மயூரதன்: கறுப்பா இருக்கு.

ஷெரோன்: கோலா.

மயூரதன்: எனக்கும் ஒரு வாய் தா.

ஷெரோன்: உனக்குச் சளி பிடிக்கும்.

மயூரதன்: கோலாவைக் குடிச்சிட்டு ஆரடா மூஞ்சையைச் சுளிக்கிறது? கச்சான்கடலை வாங்கித் தரட்டோ கடிக்க?

ஷெரோன்: பேசாமல் இரு. அவரங்கால் தாண்டட்டும்.

மயூரதன்: அவரங்காலிலை ஒருக்கா நிப்பாட்டினாய், இப்ப அச்சுவேலியிலையும் நிப்பாட்டுறாய். பஸ்கூட இத்தினை இடத்திலை நிக்காது.

ஷெரோன்: தொண்டை காயுது.

மயூரதன்: உன்ரை தொண்டை எப்ப காயேல்லை... இஞ்சை, வல்லைவெளி வருது. இறங்கு, பைக்கை நான் ஓடுறன்.

ஷெரோன்: நீயோ? உன்ரை கையைப் பார். மா அரிக்கிற மாதிரி ஆடுது.

மயூரதன்: உன்ரை வாயை மோந்து பார். பாலத்தடியிலை பொலிஸ் நிண்டால் பலூனைத் தருவாங்கள். ஊதிக் காட்டு பாப்பம்.

ஷெரோன்: குளிசைக்குப் பலூன் இல்லை எண்டுதானே உனக்கு உந்தத் திமிர்?

மயூரதன்: ஓம். இறங்கு.

ஷெரோன்: நான் குடிக்கிறன்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது குடி. ஊருலகத்திலை இல்லாததோ? நீ விழுங்கிறது விசராக்கிற சாமான்.

மயூரதன்: எனக்கு மணமில்லை, சத்தமில்லை. நான் ஆரோடையும் சண்டைக்குக் கொழுவுறேல்லை. கோயில் வீதியிலை சத்தி எடுத்தது நானோ நீயோ?

ஷெரோன்: நான் நினைச்சால் நாளைக்கே விடுவன்.

மயூரதன்: நானும்தான். பையைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை ஏறு.

ஷெரோன்: மெல்லப் போ... வலப்பக்கம் இழுக்குது... டேய், வெளிக்குள்ளை இறக்கப் போறாய்!

மயூரதன்: காத்து.

ஷெரோன்: காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது.

மயூரதன்: வாயை மூடு. மெய்யாவே பொலிஸ் நிக்குது. கை காட்டுறான்.

பொலிஸ்காரர்: ஓரம் எடு. லைசன்ஸ். எங்க போறது?

ஷெரோன்: உடுப்பிட்டி.

மயூரதன்: உடுப்பிட்டி.

பொலிஸ்காரர்: அந்தப் பையில என்ன?

ஷெரோன்: வாழைப்பழம், சேர்.

பொலிஸ்காரர்: உன்ட பையில?

மயூரதன்: பிஸ்கற் சேர். சவுக்காரம், பிறஷ்... உடுக்க ஒரு சாரம்.

பொலிஸ்காரர்: பழம், பிஸ்கற், சவுக்காரம். ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு வருத்தம்?

ஷெரோன்: கூட்டாளிக்கு, சேர்.

மயூரதன்: ஓம் சேர். கூட்டாளிக்கு.

பொலிஸ்காரர்: கடுமையா?

மயூரதன்: கடுமைதான், சேர்.

ஷெரோன்: அவனுக்குத்தான் அது இன்னும் விளங்கேல்லை, சேர்.

பொலிஸ்காரர்: பாவம். சரி, போ. மெல்லப் போ.

ஷெரோன்: ...திரும்பிப் பாக்காமல் ஓடு.

மயூரதன்: ஓடுறன், ஓடுறன்... நீ ஏன் உடுப்பிட்டி எண்டனி?

ஷெரோன்: கடற்கரை எண்டால் பையைக் கொட்டிப் பாத்திருப்பான். நீ ஏன் எண்டனி?

மயூரதன்: அதுக்குத்தான் நானும்.

ஷெரோன்: சவுக்காரம் என்னத்துக்கு?

மயூரதன்: கை கழுவ.

ஷெரோன்: சாரம்?

மயூரதன்: துடைக்க.

ஷெரோன்: பகிடி விடாதை... மச்சான், உடுப்பிட்டியிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்கிறா. ஒருக்கா இறங்கிக் கண்டிட்டுப் போவமோ?

மயூரதன்: ஓம்.

ஷெரோன்: ஓமோ? ஏன், எதுக்கு எண்டு ஒண்டும் கேக்கேல்லை?

மயூரதன்: எனக்கும் தொண்டை காயுது.

ஷெரோன்: அப்ப சந்தியைத் தாண்டி, இடப்பக்கம்...

மயூரதன்: பச்சைக் கேற்.

ஷெரோன்: உனக்கெப்பிடித் தெரியும்?

மயூரதன்: ...ஊர்ப்பக்கம்தானே. நிப்பாட்டுறன், இறங்கு. பழத்தை விழுத்தாதை.

அருந்ததி: வாங்கோ தம்பிமார். வெயிலுக்கை நிக்காமல் உள்ளை வாங்கோ. பைக் திறப்பை அந்த மேசையிலை வைச்சிட்டு இருங்கோ.

மயூரதன்: இந்தாங்கோ அக்கா, பிஸ்கற்.

ஷெரோன்: இதிலை பழம் இருக்கு அக்கா. பை... பை இப்பிடியே இருக்கட்டும். என்னக்கா பாக்கிறியள்?

அருந்ததி: இஞ்சை சோடியா வாற ஆக்கள் கனபேர். ஒராள் பழமோ பிஸ்கற்றோ கொண்டு வருவார். மற்றவர் வெறுங்கையோடை வருவார். வெறுங்கையோடை வாறவர்தான் தங்கிறவர். நாங்கள் ஒருநாளும் கேக்கிறேல்லை. இண்டைக்கு ரெண்டு பேரும் வருத்தம் பாக்க வந்த ஆக்கள் மாதிரி நிக்கிறியள்.

ஷெரோன்: அக்கா, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ. தனியக் கதைக்கோணும்.

மயூரதன்: எனக்கும் தனியக் கதைக்கோணும், அக்கா.

அருந்ததி: தனியக் கதைச்சு முடிஞ்சுது. ஷெரோன் காலமை போன் எடுத்தவர். மயூரதன் முந்தநாள் எடுத்தவர்.

ஷெரோன்: ...இவனோ?

மயூரதன்: காலமையோ?

ஷெரோன்: ஆரைப் பற்றிப் போன் எடுத்தனி? என்னைப் பற்றியோ?

மயூரதன்: பின்னை ஆரை? கானுக்குள்ளையிருந்து உன்னைத் தூக்கினது ஆர்? அண்டைக்குச் சைக்கிளிலை வந்த பள்ளிக்கூடப் பிள்ளையை மயிரிழையிலை இடிக்காமல் விட்டனி. விடிய எழும்பி, 'பைக் ஏன் நெளிஞ்சிருக்கு?' எண்டு என்னட்டைக் கேட்டாய்.

ஷெரோன்: ...பிள்ளையோ? நீ அதைச் சொல்லேல்லையே.

மயூரதன்: சொல்லக்கூடிய நேரம் நீ வெறியிலை. மிச்ச நேரம் நான் முழிப்பில்லை.

ஷெரோன்: அப்ப வல்வெட்டித்துறை, குளிசை எண்டு நான் சொன்னது?

மயூரதன்: நம்பேல்லை. ஆனா வல்வெட்டித்துறைக்கு உடுப்பிட்டி தாண்டித்தானே போகோணும். உன்னை இஞ்சை கொண்டுவர எனக்கு வேறை பொய் கிடைக்கேல்லை.

ஷெரோன்: வருத்தம் உனக்கடா! எனக்கில்லை!

மயூரதன்: அக்கா, இதைத்தான் நான் போனிலை சொன்னனான். 'எனக்கில்லை' எண்டுதான் சொல்லுவான் எண்டு.

அருந்ததி: நீங்களும் அதைத்தானே சொன்னனீங்கள், மயூரதன். 'நான் எப்பவாவது ஒருக்காத்தான் குளிசை போடுறது' எண்டு. ரெண்டு கட்டில் இருக்கு. விருப்பமில்லையெண்டால் மறிக்கமாட்டன். திறப்பு மேசையிலை இருக்கு. ஆர் ஓடுறது?

ஷெரோன்: அவனை ஓடவிடாதேங்கோ அக்கா. கை நடுங்குது.

மயூரதன்: அவனைத் திறப்பைத் தொடவே விடாதேங்கோ. வெறி.

அருந்ததி: நல்லது. அப்ப திறப்பு என்னட்டையே இருக்கட்டும்.

ஷெரோன்: இண்டைக்குப் பார்ட்டி இருக்கக்கா. பெடியள் வந்து பாத்துக்கொண்டு நிப்பாங்கள்.

அருந்ததி: நீங்கள் ரெண்டு பேரும் போகாட்டி அங்கை என்ன நடக்கும்?

மயூரதன்: ...ஒண்டும் நடக்காது. சோடா குடிச்சிட்டுப் போவாங்கள்.

ஷெரோன்: நாளைக்கு வாறன் அக்கா. சத்தியமா. தங்கிறதெண்டால் மாத்துடுப்பு வேணுமே. ஒண்டும் கொண்டரேல்லை.

மயூரதன்: நானும்தான். போட்ட உடுப்போடை வந்தனான்.

அருந்ததி: உங்கடை பையிலை சாரம் தெரியுதே, மயூரதன்?

மயூரதன்: அது என்ரை இல்லை. அவன்ரை. காலமை கொடியிலையிருந்து எடுத்து வைச்சனான். சவுக்காரமும் அவன் போடுற சவுக்காரம்தான்.

அருந்ததி: ஷெரோன்?

ஷெரோன்: ...இவன்ரை உடுப்பு பழத்துக்குக் கீழை இருக்கு அக்கா. நீர்வேலியிலையிருந்து வல்லைவெளி வரைக்கும் அதை மடியிலை வைச்சுக்கொண்டு வந்ததே இவன்தான்.