பதினெட்டைப் பத்தொன்பதாக்கினா

இல்லக்கா, உங்க கோட்டு இன்னும் தைச்சு முடியல. நான் அதுக்கு வரல. சித்தி அனுப்பல, நானாத்தான் வந்தேன். தண்ணி மட்டும் போதும்.

சித்தி தையல்கடையில துணி ரெடியாயிடுச்சான்னு போன்ல ஒரு பக்கத்துல பாப்பீங்கல்ல, அதைச் செஞ்சது நான்தான். ஆமா, தனியா. ஸ்கூலை விட்டுட்டேன். அந்த மூஞ்சி வேண்டாம்க்கா, எல்லாரும் அதையேதான் வைக்கிறாங்க. பத்தாவதுல கம்ப்யூட்டர் பாடம்னு மவுஸ் படம் வரையச் சொன்னாங்க. மவுஸ். அப்பாகிட்ட ஒரு வருஷம் டைம் கேட்டேன். உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டு, சொதப்பினா மறுபடி யூனிஃபார்ம்னுட்டார். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

கோர்ஸெல்லாம் சேரல. எதையாவது கட்டு, அப்புறம் அதையே உடை, அவ்ளோதான். முதல்ல எங்க வீட்டு வைஃபையை உடைச்சேன். நாலே நிமிஷம். அப்பா பைக் நம்பரை பாஸ்வேர்டா வச்சிருந்தார். பெருமைப்படுவார்னு பாத்தா ரெண்டு நாள் பேசல. அப்புறம்தான் கடைக்கு அந்தப் பக்கத்தைக் கட்டினேன். அளவையும் அதுலயே போடுடி, அவங்களே சரிபாத்துக்கட்டும்னாங்க சித்தி. போட்டேன். பேர், போன், வீட்டு அட்ரஸ், இடுப்பு, எல்லாம்.

இப்போ திருடங்க எப்படி உள்ள வருவாங்கன்னு கத்துக்கறேன். பழகறதுக்குன்னே ஓட்டை வச்ச சைட்டுங்க இருக்கு. நேத்து ஒரு பாடம். பக்கத்தோட லிங்க் கடைசில ஒரு நம்பர் இருக்கும். உங்களுக்கு வர்றதுலயும் இருக்கு, பதினெட்டு. அதைப் பத்தொன்பதுன்னு மாத்தினா அடுத்த ஆளோட பக்கம் திறந்துக்கும். பூட்டெல்லாம் உடைக்க வேண்டாம், பக்கத்துக் கதவைத் தள்ளினாப் போதும். எந்த முட்டாள் இப்படிச் செய்வான்னு சிரிச்சுக்கிட்டே சாப்பிட உக்காந்தேன். பாதி சாப்பாட்டுல கை நின்னுடுச்சு.

ஆமாக்கா. நான்தான். மூணு மாசமா உங்களோடது அப்படித்தான் திறந்து கிடந்திருக்கு. நேத்தே மூடிட்டேன்.

யாராவது பாத்தாங்களா? தெரியல. யார் திறந்தாங்கன்னு குறிச்சு வைக்கணும்ங்கறதே நேத்துதான் எனக்குத் தெரியும்.

வாயைத் திறக்காதே, யாருக்கும் தெரியப்போறதில்லன்னாங்க சித்தி. மொத்தம் நாப்பத்தி மூணு பேர். ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையா வர்றேன். ஏழாம் நம்பர் துணியைத் திருப்பிக் கேட்டுட்டார். பன்னெண்டாம் நம்பர் கதவைச் சாத்திட்டாங்க.

நீங்க திட்டணும்னா திட்டிக்கோங்க. எங்கப்பாகிட்டயே பேசணும்னாலும் சரி, நம்பர் சொல்றேன். பேனா இருக்கா?