எட்டாம் விதிக்கு மூன்று கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முனைவர் பட்டக் குழுவின் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் பேராசிரியரின் துணைவியார், எங்கள் அண்ணியார் அவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாகவே நிற்கும் ஆய்வு மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நகரத் திட்டமிடல் துறையின் முனைவர் பட்டக் குழுவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்த பேராசிரியர் பெருந்தகை மறைந்து இன்று பதினோராம் நாள். மாணவர்களே, 'சந்தேக சார்' என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தீர்களே, அது அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? தெரியும்! யார் வைத்த பெயர் என்றும் விசாரித்து வைத்திருந்தார்.

இந்தப் படிப்பில் சேர என்ன வேண்டும்? முதுகலைப் பட்டம், இரண்டாண்டு பணி அனுபவம், ஆய்வு முன்வரைவு, நுழைவுத் தேர்வு, நேர்காணல். சேர்ந்த பிறகு இரண்டு பருவம் பாடம், தகுதித் தேர்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. இவை எல்லா இடத்திலும் உள்ளவைதான். நம்மிடம் மட்டும் இருந்தது எட்டாம் விதி. எந்தத் தெருவைப் பற்றி எழுதினீர்களோ, அந்தத் தெருவுக்கே திரும்பிப் போய், அங்கிருப்பவர்களுக்குப் புரியும்படி ஆய்வேட்டைப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக அவர்களில் மூவர் கையெழுத்திட வேண்டும். விதியை எழுதியவர் சார்.

அந்த மூன்று கையெழுத்தை அவர் நம்பினாரா? ஒருநாளும் நம்பவில்லை! ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து ஏறிப் போய்க் கதவைத் தட்டுவார். ஒருமுறை ஒரு மாணவர் கொண்டுவந்த தாளில் தையற்காரர் ஒருவரின் கையெழுத்து இருந்தது. சார் தேடிப் போனார். மகள் கதவைத் திறந்தார். தையற்காரர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மறுநாள் மாணவரை அழைத்து, உட்காரவைத்து, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, தையல்காரர் கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு சார்."

"அப்படியா? நான் போயிருந்தேன், என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும்.

ஆனால் எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சார் மறைந்த ஐந்தாம் நாள் புதிய விதிக் கையேடு அச்சாகி வந்தது. ஐந்தாம் நாள்! அப்படி என்ன அவசரம்? பிரித்துப் பார்த்தேன். ஏழாம் விதி இருந்தது. அடுத்து, 'எட்டு: ஆய்வேட்டின் அட்டை நீல நிறத்தில் இருக்க வேண்டும்.' பழைய கையேட்டில் அது ஒன்பதாவது. இயக்குநர் அவர்களிடமே கேட்டேன். "அச்சுப்பிழை சார், எப்படியோ விட்டுப்போச்சு" என்றார். அச்சுப்பிழை ஓர் எழுத்தை விழுங்கும், ஒரு வரியையும் விழுங்கும். விழுங்கிவிட்டு, பின்னால் வரும் எண்களையெல்லாம் ஒழுங்காக மாற்றியும் வைக்குமா?

துக்கத்தில் கூடிய இடத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. மேடையில் ஒருவர் மூன்றாம் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிகிறது. என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்தத் தையற்காரரின் கையெழுத்தைப் போட்டவன் நான்தான்.

பத்தொன்பது ஆண்டுகளாக இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் பதிவை அன்றே ரத்து செய்திருக்கலாம். "போய்ப் படிச்சுக் காட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். போனேன். தையற்காரரின் மகள் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலி இடம், பேருந்துப் பணிமனை கட்டலாம்னு போட்டிருக்கீங்களே, அங்கதான சார் நாங்க குடியிருக்கோம்?" பதினேழு வீடுகள்! வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயரைத் திருடியவன் நான். பட்டியலில் ஆள் இருக்கிறார், என் படத்தில் வீடு இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை. சார் என்னை நம்பியிருந்தால் நான் அன்றே முனைவர் ஆகியிருப்பேன், அந்தப் படமும் எங்கோ ஓர் அலுவலகக் கோப்பில் ஏறியிருக்கும். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த உரையை எழுதி முடித்ததும் நேற்று அண்ணியாரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "நல்லவர்னு நாலு இடத்துல எழுதியிருக்கீங்க. அவர் இருந்தா நாலையும் நம்பமாட்டார்." நான்கையும் அடித்துவிட்டேன்.

பேராசிரியர் பெருந்தகையே! உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் இனி நான் ஏறுவேன். எந்தக் கதவையும் தட்டாமல் விடமாட்டேன்.

இதோ, கையேட்டுக்கான திருத்தத் தாள். 'எட்டாம் விதி அச்சில் விடுபட்டது. அது நடப்பில் உள்ளது.' இவ்வளவுதான் வாசகம். குழு உறுப்பினர் மூவர் கையெழுத்திட்டால் செல்லும். நான் போட்டுவிட்டேன். போக்குவரத்துப் பேராசிரியை போட்டுவிட்டார். மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. இயக்குநர் அவர்களே, நீங்களும் குழு உறுப்பினர்தான். அச்சுப்பிழை என்று சொன்னவரும் நீங்கள்தானே? பிழையைத் திருத்த என்ன தயக்கம்? தாளும் பேனாவும் உங்கள் முன்னால் இருக்கின்றன. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கையெழுத்திட்டாலும், நாளைக் காலையில் உங்கள் அறைக்கு வந்து, இது நீங்கள் போட்டதுதானா என்று ஒருமுறை கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சார் கேட்டிருப்பார்.