இசக்கியம்மாள் சொல்லாத இரண்டு சொல்

1998-ஆம் வருடம் மார்ச் மாதம் 19-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, ராஜபாளையம் காவல் நிலையத்தில், யாரும் அழைக்காமல் நானாக ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் சேக் முகைதீன். வயது 21. தகப்பனார் அசன் முகம்மது ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் அவருடன் குடியிருக்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் கடைசி வருடம் படிக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் இந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். கம்ப்யூட்டர், படம், ஒலி, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சிடியில் அடக்குகிற பாடம் அது. பக்கத்தில் உள்ள கலைக் கல்லூரியில் தமிழ் படிக்கும் தங்கபாய் என்பவரையும் என்னையும் ஒரு குழுவாகப் போட்டார்கள். படமும் எழுத்தும் அவர் பொறுப்பு, ஒலியும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிச் செய்வதென்று முடிவானது. அதன் பிறகு அந்த மில்லில் ஸ்டிரைக் தொடங்கியது.

மார்ச் 4-ஆம் தேதி நானும் தங்கபாயும் வன்னியம்பட்டிக்குப் போய் இசக்கியம்மாள் என்பவரைப் பேச வைத்து டேப்பில் பதிவு செய்தோம். அவர் ஸ்டிரைக்கில் முன்னால் நிற்பவர். ஸ்டிரைக்கால் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். பால் இல்லாத டீ கொடுத்து, அதற்காகக் கூச்சப்பட்டார். டேப்பில் அவர், "வேலைக்கு ஒருத்தியும் போகக் கூடாது. ஒருத்தி போனா அவளப் பாத்து நாலு பேரு போவாவ" என்று சொன்னார். கடைசியில், "கேட்டுல எல்லாரும் உக்காந்திருக்காவ. நான் போயிட்டு வாரேன் தம்பி" என்று எழுந்தார். எங்கள் பக்கம் யாரும் கிளம்பும்போது போறேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், அது நல்லதில்லை. அந்த வழக்கப்படி அவர் சொன்னதால்தான் எனக்கு ‘வாரேன்’ என்ற சொல் கிடைத்தது.

அதன் பிறகு 13-ஆம் தேதி கல்லூரியில் கண்காட்சி நடந்தது. அதே மில்லின் லேபர் ஆபீசர் குருசாமி பார்க்க வந்திருந்தார். அவர் எங்கள் கம்ப்யூட்டர் முன் நின்று, "இத வச்சு அப்படி என்னதாம்லே செய்யலாம்?" என்று கேட்டார். ஒருத்தர் சொல்லாததையும் சொல்ல வைக்கலாம் சார் என்று நான் சொன்னேன். ஆணவத்தில் சொன்னேன். அவர் செய்து காட்டச் சொன்னார். நான் இசக்கியம்மாள் பேசியதிலிருந்து ‘வேலைக்கு’ என்ற சொல்லை ஓரிடத்தில் வெட்டி எடுத்தேன். ‘போயிட்டு வாரேன்’ என்பதில் ‘போயிட்டு’ என்பதை நீக்கி, மீதியை அதோடு ஒட்டினேன். ‘வேலைக்கு வாரேன்’ என்று வந்தது. ஒட்டுத் தெரியக் கூடாது என்று அவர் மூச்சு விடும் சத்தம் ஒன்றையும் எடுத்து நடுவில் வைத்தேன். நாலு நிமிட வேலை.

தங்கபாய், "சேக், வேண்டாம், அத அழிச்சிரு" என்றார். நான் கேட்கவில்லை. குருசாமி என் தோளில் தட்டி, படிப்பு முடிந்ததும் மில்லில் கம்ப்யூட்டர் செக்சனுக்கு வரலாம் என்று சொல்லி, அதை ஒரு கேசட்டில் பதிந்து தரக் கேட்டார். கொடுத்தேன். எதற்குக் கேட்டார் என்று தெரியாது என நேற்று வரை எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது பொய். ஸ்டிரைக் நடக்கும் மில்லின் ஆபீசர் அந்தக் கேசட்டை வைத்துப் பாட்டா கேட்பார்? எனக்குத் தெரியும். தெரிந்தே கொடுத்தேன்.

அதன் பிறகு 16-ஆம் தேதி, தேர்தல் முடிந்து சும்மா நின்ற மைக் செட் ஆட்டோ ஒன்றில் மில் தரப்பினர் அந்தக் கேசட்டைப் போட்டுத் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். "இசக்கியம்மாளே சொல்லுதாவ, கேளுங்க" என்று ஒருவர் சொல்வதும், பின்னால் அவர் குரல் வருவதுமாக இருந்தது. நான் அப்போது கல்லூரி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன், "ஏலே, இது ஒன் வேலையால்லா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். இங்கே எழுதச் சொல்வதில் எனக்கு மிகவும் வெட்கமானது அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் காலை மில் கேட்டில் நடந்ததைப் படம் எடுக்கப் போயிருந்த தங்கபாய் நேரில் பார்த்து என்னிடம் சொன்னார். இசக்கியம்மாள் அங்கே போய், நான் சொல்லவே இல்லை என்று அங்கே இருந்த பெண்களின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து மெசினில் நின்ற வெள்ளைத்தாய் என்பவர், "ஏட்டி, ஒன் தொண்டை எனக்குத் தெரியாதா? அம்புட்டு மெசின் சத்தத்துலயும் கேட்ட தொண்டையில்லா அது" என்று சொல்லிக் கல்லை எடுத்து எறிந்திருக்கிறார். அது இசக்கியம்மாளின் இடது புருவத்தில் பட்டு ஏழு தையல் போட்டிருக்கிறது. வெள்ளைத்தாய் இப்போது இந்த நிலையத்தில்தான் இருக்கிறார். கல்லை எறிந்தது அவர் கை. எறிய வைத்தது நான்.

அதன் பிறகு நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் இசக்கியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். வெட்டியது, ஒட்டியது, கேசட் கொடுத்தது எல்லாம் சொன்னேன். அக்கா, எல்லார் முன்னாலும் வந்து சொல்லுகிறேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "எங்கொரல்லயே நீ சொல்லிட்ட. இல்லன்னு நான் எந்தக் கொரல்ல சொல்ல?" என்று கேட்டார்.

இசக்கியம்மாள் வேலைக்கு வருவதாக எப்போதும் சொன்னதில்லை. இதை மில் கேட்டில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் குரலில் டேப்பிலும் பதிவு செய்து ஆட்டோவில் போடுங்கள் என்று கேட்டேன். சார்பு ஆய்வாளர், "டேப்பெல்லாம் வேண்டாம்யா. இனி இந்த ஊர்ல அத எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டார். எனவே எழுத்தில் கொடுக்கிறேன்.

எழுதியவர் இதை எனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். கேட்டேன். இவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன. ஒரு சொல்லும் வெட்டவில்லை, ஒரு சொல்லும் ஒட்டவில்லை.

(ஒப்பம்)
சேக் முகைதீன்