தவளைக் கருவும் குச்சவெளி பஸ் வரிசையும்

குச்சவெளி பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் நின்றார்கள். தோள்பையோடு வந்த ஓர் ஐயா அவர்களுக்கு நடுவில் புகுந்துகொண்டார்.

“தவளைக் கருவும் இப்பிடித்தான் அக்கா,” என்றாள் தங்கை. பல்கலைக்கழகத்தில் அதைத்தான் ஆராய்கிறாளாம். “ஒரு புரதம் சைகை குடுத்தா, உயிர்க்கலங்கள் ஒண்டுக்கிடையில ஒண்டு புகும். அப்பதான் உடம்பு ஒடுங்கி நீளும்.”

“சைகை குடுக்காட்டி?”

“புகாது. கட்டையாவே நிண்டிடும்.”

“அப்ப இவருக்கு ஆர் சைகை குடுத்தது?”

“ஒருத்தருமில்லை. அங்க புகுந்தா தவளை நீளும். இங்க வரிசைதான் நீளுது.”

ஐயா திரும்பிப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, நிழலில் நின்ற மனைவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும். படிச்ச பிள்ளையே சொல்லுது, புகத்தான் வேணுமாம்.”