பசுமலையில் மைனஸ் நாப்பது

"…சித்திரை வெயில்ல மைனஸ் நாப்பதாம் தம்பி. பசுமலைல நின்னுக்கிட்டு மைனஸ் நாப்பது. ஒரு வாரமா காரு அந்த நம்பரத்தேன் காட்டுது, பனிதேன் பெய்யக் காணோம். ஏசியப் போட்டா வெறும் அனக்காத்து. நீங்கதான போன்ல சொன்னீக… வெளிய குளிருதுன்னு காரு அதுவா நெனச்சுக்கிட்டு ஏசிய ஓட விடாதுன்னு. காருக்கு இருக்குற அக்கறையப் பாத்தீகளா. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் கெடையாது…"

மெக்கானிக் ஆண்டிச்சாமி பம்பருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அழகம்மாளின் பேச்சுக்குப் பதில் தேவைப்படாது என்பது அவருக்குப் பழகிய சங்கதி.

"சாயங்காலம் எம்மக ரோகிணியவும் பச்சப்பிள்ளையவும் ஆஸ்பத்திரில இருந்து வாடிப்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்த வெக்கைல அந்தப் பச்ச மண்ணு தாங்குமா? எல்லாம் மருமகன் அழகுபாண்டி பாத்த வேல. பைப்பப் பிடிச்சு முன்பக்கம் பூராம் தண்ணி அடிச்சாரு. ‘எதுக்கு மாப்ள இம்புட்டுத் தண்ணி’ன்னேன். கேக்கல. நல்ல மனுசந்தேன், கொற சொல்லக் கூடாது. ஆனா கை சும்மா இருக்காது. எங்க மிக்சியக் கழட்டி… சரி, அத விடுங்க. காரு கெட்டதும் ரெண்டு வார்த்த கேட்டுப்புட்டேன். அன்னைல இருந்து நம்ம வீட்டுல கை நனைக்கல. நேத்து கறிக்கொழம்பு குடுத்துவிட்டேன், பசிக்கலைன்னு திருப்பி விட்டுட்டாரு. கறிக்கொழம்பத் திருப்பி விடுற ஆளா அவரு…"

வெளிச்சூட்டை அளக்கிற சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தார் ஆண்டிச்சாமி. கட்டைவிரல் அளவுச் சாமான். அதில் பழுதில்லை. அதற்குப் போகிற வயரைப் பிடித்துக்கொண்டே போனவர், இரண்டு நுனிகளோடு வெளியே வந்தார். கத்தரித்தது போல நேரான வெட்டு. கூடவே காய்ந்த வாழைநார் சுற்றிக் கிடந்தது.

அழகம்மாள் குனிந்து அந்த நாரைத் தொட்டுப் பார்த்தாள்.

"…நாரா. அமாவாசைக்குக் காரு முன்னாடி கட்டுன மாலை தம்பி. காஞ்சு தொங்குச்சு, இழுத்தா வரல. கத்தரிய விட்டு நறுக்குனேன். நாரோட நாரா அந்த வயரும் கெடந்தா, நான் என்னத்தக் கண்டேன்…"

ஆண்டிச்சாமி வயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினார். நம்பர் முப்பத்தெட்டுக்கு வந்தது. குளிர்ந்த காற்றும் வந்தது. அதில் முகத்தைக் காட்டியபடி அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரோகிணி, காரு சரியாப் போச்சு. மாப்ள மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிரு. எலி. ஆமா, எலிதேன் வயரக் கடிச்சிருச்சு… நான் எதுக்குடி பொய் சொல்றேன்? இந்தா, மெக்கானிக்கயே கேளு."

போன் ஆண்டிச்சாமியிடம் நீண்டது. அவர் அழகம்மாளைப் பார்த்தார். அவள் ஸ்டியரிங்கை முந்தானையால் மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எலிதாம்மா," என்றார். "கொஞ்சம் பெரிய எலி. கத்தரியெல்லாம் வச்சிருக்கு."

ரோகிணி சிரிப்பதற்கு முன்னால், அவளுக்குப் பின்னாலிருந்து அழகுபாண்டியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.