காதுல எட்டிப் பாத்த பூச்சி

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் துணிச்சலே இல்ல, நர்ஸம்மா. பூச்சி மாத்திரை... சட்டைப் பொத்தான் அளவுதான். அதுக்கு இந்த ஓட்டமா? வகுப்பெல்லாம் காலி. பாதிப்பேர் பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேட்ல நிக்கிற வாட்ச்மேன் நான்... என் கால் சந்துல பூந்து ஒருத்தன் ஓடிட்டான்னா பாத்துக்குங்க.

நீங்க வேலைக்குப் புதுசு. முன்னாடி இருந்த நர்ஸம்மா ஊசியத் தூக்கினா, பிள்ளைங்க முண்டியடிச்சு வரிசையில நிக்கும். ஏன்னா, ஊசி போட்டுக்கிட்டா இருட்டுல பூனை மாதிரி கண்ணு தெரியும்னு நான் கேட்லயே சொல்லி அனுப்புவேன். நம்புச்சுங்க. கரெண்ட் போனப்ப ஒருத்தன் வீறாப்பா நடந்து போய் பீரோவுல முட்டிக்கிட்டான்... அது வேற கதை.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்லலியே. நேத்து சாயங்காலம் வேன் வர லேட்டு. கதை சொல்லு தாத்தான்னு பிடுங்கி எடுத்துட்டாங்க. சின்ன வயசுல நான் மாத்திரை போட்டப்ப, பூச்சி காது வழியா எட்டிப் பாத்து, "வெளிய மழை விட்டுடுச்சா?"ன்னு கேட்டுச்சுன்னேன். அவ்வளவுதான். சிரிப்பாங்கன்னு பாத்தா மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. எவ்ளோ நீளம்னு ஒரு பொண்ணு கேட்டா. கேட்டா காட்டணுமில்ல? செடிக்குத் தண்ணி விடுற குழாயக் காட்டினேன்.

அப்படிக் கேட்டது என் பேத்திதான். தினம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்குறா. தின்னது ஒடம்புல ஒட்டல. மொதல்ல அவ வயித்துக்குத்தான் இந்த மாத்திரை போகணும். அவளோ அந்த அலமாரிக்குப் பின்னாடி காதப் பொத்திக்கிட்டு நிக்கிறா. மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வந்து மிச்ச மாத்திரைய எடுத்துக்கிட்டுப் போயிடும், இல்ல?

அதென்ன, மாத்திரைய என் பக்கம் நீட்டுறீங்க? எனக்கா? என் வயித்துல பூச்சி என்னத்தத் தின்னு உசுரோட இருக்கும்...

அடப்பாவிங்களா, ஜன்னல்ல எத்தனை தலை. இவ்வளவு நேரம் எங்கடா இருந்தீங்க?

சரி, குடுங்க. மென்னு முழுங்கணுமா... ம்ம்... ஆச்சு.

பாருங்க, வந்துட்டா என் பேத்தி. என் காதுக்குள்ள எட்டிப் பாக்குறா. "ஒண்ணும் வரலியே தாத்தா"ங்குறா. எவ்ளோ ஏமாத்தம் பாருங்க அந்தக் குரல்ல. கைய நீட்டுறா... குடுங்க, குடுங்க, மனசு மாறுறதுக்குள்ள அவளுக்கு மாத்திரையக் குடுங்க.

எனக்குக் கொஞ்சம் பஞ்சு குடுங்க. காதுக்குத்தான். எதுக்கும் இருக்கட்டுமே.